மாலிஷ் பணக்காரக் குதிரைக்கு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வெளிநாட்டுக் குதிரை லாயங்களில் மசாஜ் செய்வதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள் என்று அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. காந்தம் வைத்துத் தைத்த போர்வை, கையில் பிடித்து அழுத்தினால் அதிரும் இயந்திரம், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம், எல்லாம் படத்தோடு. அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் புதன்கிழமை எழுதினார்: இங்கே மனுஷனுக்கே இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துவிட நாதியில்லை, குதிரைக்கு மசாஜ் ஒரு கேடா என்று. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. படத்தில் இருந்த குதிரைகளெல்லாம் எங்கள் தெருவில் ஒரு வீட்டை விற்றாலும் வாங்க முடியாத குதிரைகள். ஆனால் அதை வைத்து, குதிரைக்குப் பிடித்துவிடுவதே பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று அவர் முடிவு கட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாலு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிண்டியில் பந்தயக் குதிரைகளுக்கு சைஸாக, அதாவது குதிரையைப் பராமரிக்கும் ஆளாக, இருந்து ஓய்ந்தவன். என் அப்பாவும் சைஸ். தீனி வைப்பது, தண்ணீர் காட்டுவது, லாயம் கூட்டுவது, குளிப்பாட்டுவது, விடியுமுன் மைதானத்துக்குப் பிடித்துக்கொண்டு போவது எல்லாம் சைஸ் வேலை. ஜெயித்தால் பேப்பரில் ஜாக்கி பெயர் வரும், டிரெய்னர் பெயர் வரும், முதலாளி பெயர் வரும், குதிரையின் அப்பா அம்மா பெயர்கூட வரும். எங்கள் பெயர் வந்து நான் பார்த்ததில்லை, அது போகட்டும். அந்த வேலைகளில் ஒன்றுதான் மாலிஷ், அதாவது குதிரையின் உடம்பைப் பிடித்துவிடுவது. அதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது, தனி ஆளும் கிடையாது. கடைசிக் குதிரையாக வந்து நிற்கிற குதிரைக்கும் அது உண்டு.

கிண்டி மைதானத்தில் 1777 முதல் பந்தயம் நடந்தது என்பார்கள். 2024-ல் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்த கதை உங்கள் பத்திரிகையிலேயே வந்துவிட்டது. பந்தயம் சரியா, சூதாட்டமா, நிலம் யாருக்கு என்ற வழக்குக்கெல்லாம் நான் வரவில்லை. அந்த லாயங்களில் கைக்குக் கை மாறி வந்த ஒரு வேலை இருக்கிறது. அது பந்தயத்தோடு போய்விடக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

மாலிஷ் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். காலை ஓட்டம் முடிந்து, குளித்து, தின்று, குதிரை ஒரு கோழித் தூக்கம் போட்ட பிறகு, மத்தியானம் மூணு மணி வாக்கில் ஆரம்பிப்போம். எடுத்ததும் தேய்க்கக் கூடாது. உள்ளங்கையைக் கழுத்தில் சும்மா வைக்க வேண்டும். குதிரை திரும்பி உங்களை மோந்து பார்க்கும், பார்க்கட்டும். அது ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் கை நகர வேண்டும். கழுத்தின் மேல்விளிம்பில் தொடங்கி, பிடரி மயிர் முடிகிற மேட்டுக்கு வந்து, அங்கே விரல் நுனியால் நன்றாகச் சொறிந்துவிட வேண்டும். அதற்கப்புறம் தோள், முழங்கைக்குப் பின்னால் வயிற்று வார் படுகிற இடம், முதுகு, பிட்டம், பின்தொடை. முதுகில் எலும்பின் மேல் கை படவே கூடாது. நடு எலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற சதையில்தான் அழுத்தம். பிட்டத்துக்கும் பின்தொடைக்கும் விரல் போதாது. உள்ளங்கையின் அடிப்பாகம், சில சமயம் முன்கை முழுவதும் வைத்து, காலை அகட்டி நின்று, உடம்பின் பாரத்தைச் சாய்க்க வேண்டும். கை பலத்தால் செய்கிறவன் பத்து நிமிஷத்தில் ஓய்ந்துபோவான். உடம்பைச் சாய்க்கத் தெரிந்தவன் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் அசராமல் செய்வான். இடுப்பில், சிறுநீரகம் இருக்கும் இடத்தில், வெறும் தடவல்தான்.

அப்பா காலத்தில் வைக்கோலை ஈரம் செய்து பிரியாக முறுக்கி, அதைச் சுருட்டிக் கைக்கு அடக்கமான கட்டையாக்கி வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரன் பட்டாளத்து லாயங்களிலிருந்து வந்த பழக்கம். கழுத்து, தோள், பிட்டம் மூன்றில் மட்டும் அதை வைத்துத் தட்டி இழுப்பார்கள். முதல் நாலு தட்டுக்குக் குதிரை சும்மா நிற்கும். தாளம் பிடிபட்டதும், தட்டு விழுவதற்கு ஒரு கணம் முன்பே அந்தச் சதை தானாக இறுகி, தட்டு விழுந்ததும் தளரும். பக்கத்தில் நின்று பார்த்தால் தோலுக்கடியில் அது எழுந்து அடங்குவது தெரியும். ஓடாமல் நின்ற இடத்திலேயே அந்தச் சதைக்கு ஒரு வேலை. இப்போது அந்தக் கட்டை முறுக்கத் தெரிந்தவர்கள் எனக்குத் தெரிந்து கொஞ்சம் பேர்தான்.

குதிரைக்குப் பிடித்திருக்கிறதா என்று அதன் முகமே சொல்லும். கீழுதடு தொங்கும். மேலுதடு முன்னால் நீண்டு துடிக்கும். கண் பாதி மூடும். சில குதிரை கொட்டாவி விடும். வலித்தால் காது பின்னால் போய் ஒட்டும், வால் விசிறும், தோல் வெடுக்கென்று துள்ளும், முதுகைப் பள்ளமாக்கிக் கையிலிருந்து நழுவப் பார்க்கும். நேற்று நெகிழ்ந்து கொடுத்த சதை இன்று பலகையாக நின்றால், அங்கே ஏதோ சங்கதி. இதைத்தான் அந்த வாசகருக்குச் சொல்ல வந்தேன். மாலிஷ் என்பது குதிரைக்குச் சுகம் கொடுப்பது மட்டுமல்ல, தினமும் அதன் உடம்பைக் கையால் வாசிப்பது. நேற்று தொட்டவனே இன்றும் தொட்டால்தான் வித்தியாசம் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை காரில் வந்து இறங்குகிற நிபுணர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், நேற்றைக்கு எப்படி இருந்தது என்று சைஸைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் லாயத்தில் ஒரு செவலைப் பெட்டை இருந்தது. ஜீனி, அதாவது சேணம், போட வார் இழுக்கும்போதெல்லாம் கடிக்க வரும். திமிர் பிடித்தது என்றார்கள், மூக்கில் கயிறு முறுக்கிப் பிடித்துத்தான் ஜீனி ஏற்றுவார்கள். அதை என்னிடம் விட்டதும் நான் வார் பக்கமே போகவில்லை. கழுத்து, தோள் என்று தினமும் ஒரு சாண் கீழே இறங்கினேன். இடது முழங்கைக்குப் பின்னால், தோல் மடிந்து ஒளிகிற இடத்தில், விரலுக்கு நிலக்கடலை அளவு ஒரு கட்டி தட்டுப்பட்டது. புறங்கையை வைத்தால் சுற்றிலும் இருப்பதைவிடச் சூடு. கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, முடி மூடியிருந்தது. வேர்வை ஊறி ஊறிக் காய்ந்து விறைத்துப்போன வாரின் ஓரம் தினமும் அங்கே தோலைக் கவ்வியிருக்கிறது. டாக்டர் பார்த்தார், அது ஆறும் வரை ஜீனி இல்லாமல் நடத்தினோம், வாருக்கு ஆட்டுத்தோல் உறை போட்டோம். அப்புறம் மூக்குக் கயிறு தேவைப்படவில்லை. அந்தப் பெட்டை பெரிய பந்தயம் எதுவும் ஜெயித்துவிடவில்லை, அப்படிக் கதை கட்ட எனக்கு இஷ்டமுமில்லை. ஆனால் அதற்கு முன்னால் பாதி தூரத்திலேயே காதை மடக்கி நின்றுவிடுகிற குதிரை, கடைசிவரை ஓடியது.

என் பேத்தி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்பவளும் அவள்தான். நான் சொல்லச் சொல்ல நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். ஓடிய குதிரைக்கு மாலிஷ் செய்தால் கெட்ட ரத்தம் இறங்கும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. கெட்ட ரத்தமுமில்லை, ஒன்றுமில்லை தாத்தா, ஓடும்போது சதையில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஓட்டம் முடிந்த ஓரிரு மணி நேரத்தில் உடம்பே கழித்துவிடுகிறது, நீங்கள் மூணு மணிக்குத் தேய்ப்பதற்கு அது காத்திருக்காது என்கிறாள். சரி என்று ஒப்புக்கொண்டேன். அவளே இன்னொன்றும் சொன்னாள். 1993-ல் பிரான்ஸ் நாட்டுக் காமார்க் குதிரைகளை வைத்து ஓர் ஆய்வு வந்ததாம். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளுமே, பிடரி முடிகிற மேட்டின் ஓரம், அங்கே மனிதக் கையால் சொறிந்துவிட்டால் இதயத் துடிப்பு குறைகிறதாம். தோளில் சொறிந்தால் அப்படிக் குறைவதில்லையாம். அப்பா ஏன் அந்த மேட்டைத் தாண்டாமல் வேறெங்கும் கையை வைக்க விடவில்லை என்பதற்கு இத்தனை வருஷம் கழித்து எனக்கு விளக்கம் கிடைத்தது. 2010-ல் வந்த ஒரு சிறு ஆய்வில், பின்தொடைச் சதையைப் பிடித்துவிட்ட பிறகு பின்கால் முன்னால் எட்டிவைக்கும் தூரம் கொஞ்சம் கூடியதாம். கொஞ்சம்தான், அதை வைத்துப் பந்தயம் கட்டிவிடாதீர்கள் என்று அவளே எச்சரித்தாள். மாலிஷ் செய்து தோற்கும் குதிரையை ஜெயிக்க வைக்க முடியாது. ஓடக்கூடிய குதிரை வலியில்லாமல் ஓடும், அவ்வளவுதான்.

காலைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாகக் குதிரை வாங்குகிறவர்கள் முதலில் போய் முழங்காலுக்குக் கீழேதான் எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். அங்கே பிடித்துவிடச் சதையே கிடையாது. எலும்பும், நரம்பு என்று நாங்கள் சொல்லும் தசைநாணும், தோலும்தான். காலை இயக்குகிற சதையெல்லாம் மேலே தோளிலும் தொடையிலும் இருக்கிறது. இன்னொன்று, நமக்குத் தோளை மாரோடு சேர்க்கிற காறை எலும்பு குதிரைக்கு இல்லை. முன்னங்காலை உடம்போடு கட்டிவைத்திருப்பது வெறும் சதைதான். நிற்கும்போதே உடம்பு பாரத்தில் பாதிக்கு மேல் முன்கால்களில். முழுப்பாய்ச்சலில் ஒரு முன்கால் தரையில் ஊன்றும் அந்தக் கணத்தில் உடம்பு எடையைப்போல இரண்டரை மடங்கு பாரம் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. ஐந்நூறு கிலோ குதிரைக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகவே தோள்பட்டையைப் பிடித்துவிடுங்கள், காலைத் தொட்டுப் பாருங்கள். தொட்டுப் பார்ப்பது என்றால், விடியற்காலையில், குதிரை வெளியே வருவதற்கு முன், புறங்கையால் இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றிச் சூடு பார்ப்பது. முழங்காலுக்கும் கணுவுக்கும் நடுவே பின்பக்கம் ஓடும் நரம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட்டு மெதுவாக இறக்குவது. ஒரு காலில் மட்டும் சூடோ, புடைப்போ, கூச்சமோ இருந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. அந்த நரம்பு கிழிந்தால் ஆற ஒரு வருஷம்கூட ஆகும், ஆறினாலும் பழைய நரம்பு வராது. லாயத்தில் நின்றே இருந்ததால் நாலு காலும் ஒரேமாதிரி வீங்கியிருந்தால் அது வேறு. நடத்தினால் வடிந்துவிடும்.

சென்னை வெயிலுக்கு இன்னொரு சோதனை உண்டு. ஓடி வந்த குதிரையின் கழுத்தில் கை வைத்தால் ஈரம் இருக்க வேண்டும். மூச்சு இரைக்கிறது, உடம்பு கொதிக்கிறது, ஆனால் தோல் காய்ந்து கிடக்கிறது என்றால் அந்தக் குதிரைக்கு வேர்வை நின்றுபோயிருக்கிறது. குளிர் நாடுகளிலிருந்து கப்பலில் வந்த குதிரைகளுக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் இது வருவதை வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், இங்கேயே பிறந்த குதிரைக்கும் வரும். நிழல், காற்றாடி, தண்ணீர், டாக்டர். ஓடிவந்த சூட்டில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் சதை பிடித்துக்கொள்ளும் என்று இன்றைக்கும் பயப்படுகிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் புழுக்கத்தில் நடக்கப்போகிறது என்பதால் அதற்கு முன்னாலேயே இதைச் சோதித்துப் பார்த்து, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதுதான் குதிரையைக் காப்பாற்றுகிறது என்று முடிவு சொல்லிவிட்டார்கள். ஊற்றுங்கள், நடத்துங்கள், மறுபடி ஊற்றுங்கள். குடிக்கவும் கொடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில்தான் அதிகம் கெடுக்கிறார்கள். வெயிலில் நிற்கப் போகிற குதிரைக்கு எண்ணெய் பூசாதீர்கள். தோல் வெந்துபோகும், அதன்மேல் ஜீனி ஏறினால் புண். கைக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும், வறட்டுக் கையே போதும். எரிகிற தைலம் தேய்த்தால் குதிரை துடிப்பாக ஓடுகிறது என்று சிலர் சொல்வது வலியில் ஓடுவதைத்தான். 2008 ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது நாலு குதிரைகளின் உடம்பில் கேப்சைசின் இருப்பதைக் கண்டுபிடித்து, ஓட்டியவர்களைத் தள்ளிவைத்தார்கள். நார்வே அணியின் வெண்கலப் பதக்கமே பறிபோனது. கேப்சைசின் வேறொன்றுமில்லை, நம் மிளகாயின் காரம்தான். அது வலியை மரக்கவும் வைக்கும், தோலைக் கூசவும் வைக்கும் என்பதால் தடை. ஒலிம்பிக்குக்கே ஆகாத வேலை நம்ம ஊர் ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு மட்டும் ஆகுமா?

எப்போது கை வைக்கவே கூடாது என்று தெரியாதவன் மாலிஷ் செய்யக் கூடாது. காய்ச்சல் இருக்கும்போது கூடாது. குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி வரை சரியான சூடு, அதற்கு மேல் போனால் ஓய்வும் டாக்டரும். புதுக் காயத்தில், சுடுகிற வீக்கத்தில் கூடாது, அங்கே குளிர்ந்த தண்ணீர் மட்டும். தோலில் படை இருக்கும் குதிரையைத் தொட்ட கையோடு அடுத்த குதிரையைத் தொடக் கூடாது, அதன் பிரஷ்ஷும் தனி. வயிற்று வலியில் புரள்கிற குதிரைக்கு வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நேரம் கடத்தாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது வந்த வழியே திரும்பாது, ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. வாரம் முழுவதும் உழைத்த குதிரை ஒருநாள் கட்டுத்தறியிலேயே நின்று முழுத் தீனியும் தின்கிறது. மறுநாள் வெளியே எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் பின்பக்கம் விறைக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, அடி எடுத்துவைக்க மாட்டேன் என்கிறது, பிட்டத்துச் சதை கல்லாகிறது. மூத்திரம் காபி நிறத்தில் வருகிறது. பார்க்கிறவனுக்குப் பிடிப்பு என்று தோன்றும், தேய்த்துவிடலாம், நடத்தினால் சரியாகும் என்று தோன்றும். இரண்டும் கூடாது. சதை உள்ளே சிதைந்துகொண்டிருக்கிறது, அந்தக் கழிவுதான் மூத்திரத்தில் நிறமாக வருகிறது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். நின்ற இடத்திலேயே நிறுத்தி, நிழல் கொடுத்து, தண்ணீர் வைத்து, டாக்டரைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்கு நடத்திக்கொண்டு போகலாம் என்று நினைக்கவே வேண்டாம். ஓய்வு நாளில் கொள்ளையும் ஓட்ஸையும் குறைத்துப் புல்லைக் கூட்டி, கொஞ்சம் நடத்தியும் விட்டால் பெரும்பாலும் இந்த நிலைமை வராது.

தீனியைச் சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். குதிரையின் உடம்புக்கு அதன் இரைப்பை ரொம்பச் சின்னது, அதில் அமிலமோ நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். இரண்டு வேளை வாளி நிறையக் கொள்ளு வைத்துவிட்டு நடுவில் வெறும் சுவரைப் பார்த்து நிற்கவைத்தால் புண்தான் வரும். புல்லோ, குதிரைமசாலோ, எதுவோ, வாய் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். தீனி மாற்றினால் ஒரு வாரத்துக்குமேல் எடுத்துக்கொண்டு, பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். குளம்பு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் கைக்குப் போக வேண்டும். குளம்பு கோணலாக வளர்ந்த குதிரைக்குத் தோளில் எத்தனை மாலிஷ் செய்தாலும் மறுநாள் அதே இறுக்கம் வந்து நிற்கும். காலையில் லாயத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது பிட்டத்திலும் விலாவிலும் மரத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று. ஒட்டியிருந்தால் ராத்திரி படுத்திருக்கிறது. நின்றுகொண்டே தூங்கும் பிராணி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். வலி இருக்கிற குதிரையோ, இடத்தை நம்பாத குதிரையோ படுக்காது.

இனி, மாலிஷ் யாருக்கு என்ற கேள்வி. முதலாளி, டிரெய்னர், டாக்டர், குளிர்ந்த லாயம் எல்லாம் இருக்கிற பந்தயக் குதிரைக்கு அது இல்லாவிட்டாலும் ஒப்பேற்றிவிடுவார்கள். மெரினா மணலில் ஞாயிறு சாயங்காலம் முழுக்கக் குழந்தைகளை ஏற்றி இறக்கும் குதிரைக்கு யார் இருக்கிறார்கள்? ஊட்டியில் படகுத்துறைப் பக்கமும், கொடைக்கானலில் ஏரியைச் சுற்றியும் நடக்கிற குதிரைகளுக்கு? அடுத்த முறை போனால் பிடரி மேட்டிலும் முதுகிலும் பாருங்கள். கறுப்பு, செவலைக் குதிரைகளில் அங்கங்கே வெள்ளை முடித் திட்டு இருக்கும். அது பிறவி அடையாளமல்ல. பொருந்தாத ஜீனி அழுத்தி அழுத்தி, ஆறிய புண்ணின் மேல் நிறமிழந்து முளைத்த முடி. அந்தக் குதிரைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பிழைப்பும் அந்த முதுகின் மேல்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது. குதிரை ஒருநாள் நொண்டினால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் சொல்கிறேன், தினமும் கடை கட்டிய பிறகு அரைமணி நேரம் கை வைத்துப் பார்ப்பது அவர்களுக்குத்தான் லாபம். பைசா செலவில்லை. புண்ணாகும் முன் கட்டி தெரியும், நொண்டும் முன் சூடு தெரியும்.

கோவை, ஈரோடு பக்கம் குதிரை ரேக்ளா ஓட்டுகிறவர்களும் இதைக் கேட்க வேண்டும். பெரிய குதிரை, சிறிய குதிரை என்று பிரித்துத் தார்ச்சாலையில் மைல் கணக்கில் ஓட்டுகிறார்கள். மண்ணில் ஓடுவதற்கும் தாரில் ஓடுவதற்கும் குளம்புக்கும் தோளுக்கும் விழுகிற அடியில் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓட்டத்துக்கு முன் கால்மணி நேரம் நடை, முடிந்ததும் மூச்சு அடங்கும் வரை நடை, தண்ணீர், மறுநாள் காலையில் புறங்கைச் சோதனை, சாயங்காலம் தோளுக்கும் பின்தொடைக்கும் மாலிஷ். முள் வைத்த கடிவாளம் போட்டால் வாயில் புண், வாய் வலிக்குப் பயந்து கழுத்தை இறுக்கும், கழுத்து இறுகினால் முதுகு இறுகும், அப்புறம் கால் எட்டி விழுவது எங்கே? அந்தக் கடிவாளம், வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளின் வதையைத் தடுக்க வந்த 1965-ம் வருஷத்து விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்கிடம் ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வு விடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, 37 டிகிரிக்கு மேல் வெயில் காயும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 வரை கூடவே கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. படித்துக் காட்டியது பேத்தி. அரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிற விதி ஒரு குதிரைக்காரர் காதுக்கும் போகவில்லை என்றால் யாரைக் கேட்பது?

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடுகிறது. திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். காது நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரி, கத்தியவார் குதிரைகளைப் பார்க்கவே ஜனம் அலைமோதும். குதிரை ஆடும், செல்ஃபி எடுப்பார்கள், விலை கேட்டு வாய் பிளப்பார்கள். அந்தச் சந்தையில் கால்நடை பராமரிப்புத் துறை ஒரு பந்தல் போடட்டும். ஒரு டாக்டர், ஒரு லாடக்காரர், இரண்டு பழைய சைஸ். வாங்க வந்தவர், விற்க வந்தவர் யார் வேண்டுமானாலும் தங்கள் குதிரையையே பிடித்துக்கொண்டு வந்து, எங்கே கை வைப்பது, எங்கே வைக்கக் கூடாது, ஜீனி பொருந்துகிறதா, குளம்பு நேராக இருக்கிறதா என்று அரைமணியில் கற்றுக்கொண்டு போகலாம். சுவரொட்டி, கையேடு எல்லாம் அப்புறம். இந்த வேலை காகிதத்தில் வராது, கையைப் பிடித்துக் காட்டினால்தான் வரும். மெரினாவிலும் ஊட்டியிலும் வருஷத்துக்கு இரண்டு முறை இதையே செய்யலாம். கிண்டியில் வேலை பார்த்த சைஸ்கள் பலர் இப்போது வாட்ச்மேனாகவும் ஆட்டோ ஓட்டியும் பிழைக்கிறார்கள். அவர்களுக்கு ஒருநாள் படி கொடுத்தால் சந்தோஷமாக வருவார்கள். என் முட்டி ஒத்துழைக்கும்வரை நானும் வருகிறேன்.

அந்த வாசகரிடமும் ஒன்று. இடுப்பு வலி என்று எழுதியிருந்தீர்கள். அது நிஜமாகவே உங்களுக்கு இருந்தால் மடுவின்கரைக்கு வாருங்கள், பேத்தி விலாசம் தருவாள். மனுஷனுக்கும் பிடித்துவிடுவேன், காசு வேண்டாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கடிதம் உங்கள் பத்திக்குள் அடங்காது என்று எனக்கே தெரிகிறது. எதை வெட்டினாலும் வெட்டுங்கள், காபி நிற மூத்திரம் பற்றி எழுதியதை மட்டும் விட்டுவிடாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
மு.க., ஓய்வுபெற்ற சைஸ்,
மடுவின்கரை, சென்னை.